அக்காவின் மணிக்கட்டும் என் சுகர் ரிப்போர்ட்டும்: ஐம்பதுக்கு மேல் எலும்புக்கு எதை நம்புவது?

போன மார்கழியில் அக்கா வாசலில் கோலம் போட்டுவிட்டு எழுந்தபோது ஈரத்தில் கால் வழுக்கிக் கையை ஊன்றினாள். மாடியிலிருந்து விழவில்லை, வண்டி மோதவில்லை. நின்ற இடத்தில் விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. அவளுக்கு வயது 61. சர்க்கரை வந்து 14 வருடம். கட்டு போட்ட இடத்தில், எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். இளம் வயது எலும்போடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண்ணான டி-ஸ்கோர் –1.6. "ரொம்ப மோசமில்லை, கால்சியம் போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"பத்து வருஷமா அதைத்தானேடி போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள் அக்கா, ஆட்டோவில் வரும்போது.

அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எனக்கு 53. மாதவிடாய் நின்று ஐந்து வருடம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3, அதாவது இன்னும் நீரிழிவு இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. இடுப்பைச் சுற்றி முன்பு இல்லாத சதை. நானும் டெக்ஸா எடுத்தேன், முதுகெலும்பில் –1.9. ஆக அக்காவைவிட என் எலும்பு மோசம் என்று காகிதம் சொல்கிறது. முறிந்ததோ அவளுக்கு. இது எப்படி?

சின்னக் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துவிடலாம். நம் ஊரில் முழங்கால் வலித்தாலும் எலும்புத் தேய்மானம், முதுகு வளைந்தாலும் எலும்புத் தேய்மானம். இரண்டும் வேறு. மூட்டுத் தேய்மானம் வலிக்கும். நான் பேசுவது எலும்பு மெலிவதைப் பற்றி. அது முறியும்வரை வலிக்காது, சத்தமே போடாது.

எலும்பு ஒருமுறை கட்டிவிட்டு அப்படியே விடப்பட்ட சுவர் இல்லை. ஒரு வகைச் செல்கள் பழையதைக் கரைத்துக்கொண்டே இருக்க, இன்னொரு வகை புதிதாகப் பூசிக்கொண்டே இருக்கும். கரைக்கும் கூட்டத்தைக் கட்டுக்குள் வைப்பது ஈஸ்ட்ரோஜன். மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில வருடங்களில் அது சரிய, முதுகெலும்பு சுமார் 10 சதவீத அடர்த்தியை இழந்துவிடுகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுவதால் மேலைநாட்டுப் பெண்களைவிட நான்கைந்து வருடம் முன்னதாகவே நாம் இந்தச் சரிவில் இறங்குகிறோம். அதே ஈஸ்ட்ரோஜன்தான் கொழுப்பைத் தொடையிலும் பின்புறத்திலும் சேர்த்து வைத்திருந்தது. அது போனதும் கொழுப்பு வயிற்றுக்குள் குடியேறுகிறது, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது, சர்க்கரை ஏறுகிறது. எலும்பு மெலிவதும் சர்க்கரை ஏறுவதும் ஒரே சமயத்தில் வருவதற்குக் காரணம் இதுதான். ஆனால் நாம் இரண்டையும் இரண்டு கோப்புகளில் போட்டு, இரண்டு மருத்துவர்களிடம், இரண்டு கிழமைகளில் காட்டுகிறோம்.

இப்போது அக்காவின் –1.6-க்கு வருகிறேன். –1-க்கு மேல் இயல்பு, –1-க்கும் –2.5-க்கும் நடுவே மெலிவு, –2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த கோடுதான் இன்றும் ரிப்போர்ட்டில் அச்சாகிறது. கான்கிரீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எலும்பில் கால்சியம் சிமெண்ட் என்றால், கொலாஜன் என்ற புரதம்தான் உள்ளே ஓடும் கம்பி. டெக்ஸா சிமெண்டை மட்டும் அளக்கிறது. வருடக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அது கொலாஜனில் ஒட்டி அதன் வளையும் தன்மையைக் கெடுக்கிறது. அதனால் நீரிழிவு உள்ள பெண்ணின் எலும்பு, ஸ்கேனில் சுமாராகவோ நன்றாகவோகூடத் தெரிந்துகொண்டே, எளிதாக முறியும். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், நீரிழிவுள்ள பெண்ணின் டி-ஸ்கோரை ஏறக்குறைய 0.6 குறைத்துப் படித்தால்தான் உண்மையான ஆபத்து தெரியும் என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் அக்காவுக்கு –2.2. நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஒரு முறிவும் ஆகிவிட்டது. 'ரொம்ப மோசமில்லை' என்று அனுப்பிவிடக்கூடிய ஆள் அல்ல அவள்.

முறிவின் ஆபத்தைச் சதவீதமாகச் சொல்லும் ஃபிராக்ஸ் என்ற கணக்கீடு இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, இந்தியாவுக்கும் தனிப் பக்கம் உண்டு. அதிலும் இரண்டாம் வகை நீரிழிவுக்குக் கட்டம் இல்லை. முடக்குவாதம் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்' போட்டுச் சரிக்கட்டிக்கொள்வது மருத்துவர்களிடையே உள்ள வழக்கம். அப்புறம், இலவச முகாம்களில் குதிகாலை ஒரு பெட்டியில் வைத்து அளப்பார்களே, அது டெக்ஸா இல்லை. அதை வைத்து மருந்து தொடங்கவும் வேண்டாம், நிம்மதியாகத் தூங்கவும் வேண்டாம்.

சரி, என்னென்ன வழிகள் இருக்கின்றன? எல்லாரும் முதலில் கைநீட்டும் கால்சியம் மாத்திரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களுக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டி-யும் கொடுத்து ஏழு வருடம் கவனித்த ஆய்வின் முடிவு 2006-இல் வந்தது. இடுப்பெலும்பின் அடர்த்தி சுமார் ஒரு சதவீதம் கூடியது. இடுப்பு முறிவு உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் அதிகமானது. இதை வைத்து மாத்திரையைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. காலையும் மாலையும் காபி, மதியம் சாம்பார், ரசம், கொஞ்சம் மோர் என்று போகும் வீட்டில் இதில் பாதி சேர்ந்தாலே பெரிது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் மாத்திரை. அது அடித்தளம், கட்டடம் அல்ல.

போடுவதானால் ஒழுங்காகப் போட வேண்டும். கால்சியம் கார்பனேட்டைச் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகாமல். அக்கா பத்து வருடமும் விடிகாலை வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போட்டிருக்கிறாள்! இரண்டுக்கும் நான்கு மணிநேரமாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் கால்சியம் தைராய்டு மருந்தை உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடும். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வைட்டமின் டி கதையும் இதேதான். குறைபாடு இருந்தால் சரி செய்தே ஆக வேண்டும், நம் வெயில் ஊரிலும் குறைபாடு சாதாரணம். ஆனால் குறைபாடு இல்லாதவர்களுக்கும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றில், 25,871 பேருக்கு நடந்தது, தினம் 2,000 யூனிட் கொடுத்தும் முறிவு குறையவில்லை. 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்றாக எட்டு வாரம் சாப்பிட்டு முடித்தவர்கள், 'நல்லதுதானே' என்று மருந்துக் கடையில் தொடர்ந்து வாங்கிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறேன். ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடம் ஒருமுறை மொத்தமாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தபோது விழுவதும் முறிவதும் கூடியது, குறையவில்லை.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருப்பது உண்மை. ஆனால் அதில் இருப்பதெல்லாம் உடம்பில் சேர்வதில்லை. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கஞ்சி சர்க்கரையையும் விரட்டி ஏற்றும். எலும்புக்கு நல்லது என்று அம்மா ஒரு சொம்பு நிறையக் கூழ் கரைத்துக் கொடுத்தால், சர்க்கரை உள்ளவர்கள் சிந்திக்க வேண்டும். தோசையாக, சட்டினிக்கும் சுண்டலுக்கும் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுவது எவ்வளவோ மேல். தயிர், எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் கால்சியத்தைக் கொடுத்துச் சர்க்கரையைத் தொந்தரவு செய்யாதவை. நம் தட்டில் உண்மையான ஓட்டை புரதம்தான். அந்தக் கம்பியைச் சொன்னேனே, அது புரதம்.

இனி உடற்பயிற்சி. என் தீர்ப்பை முன்பே சொல்லிவிடுகிறேன்: எலும்பு, சர்க்கரை இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்வதில் பளு தூக்குவதற்கு நிகராக வேறொன்று எனக்குத் தென்படவில்லை.

நடைப்பயிற்சியை மட்டம் தட்டவில்லை. சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறும் உயரம் குறைவது நிஜம், என் குளுக்கோமீட்டரிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் எலும்பு தனக்குப் பழக்கமான சுமையைப் பொருட்படுத்துவதில்லை. ஐம்பது வருடமாக நடந்த கால்களுக்கு இன்னும் ஒரு நடை புதுச் செய்தி அல்ல. வழக்கத்தைவிடக் கூடுதலான சுமை, கொஞ்சம் அதிர்வு, இவை வந்தால்தான் அது புதிதாகப் பூசத் தொடங்கும்.

ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் குழுவினர் இதைச் சோதித்தார்கள். எலும்பு மெலிந்த, 58 வயதைத் தாண்டிய 101 பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு வாரம் இரண்டு முறை, முறைக்கு அரை மணிநேரம், பயிற்சியாளர் கண் முன்னால், தங்களால் தூக்க முடிந்த அதிகபட்ச எடையில் 80 முதல் 85 சதவீதம் வரை: தரையிலிருந்து தூக்குவது, தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது, தலைக்கு மேல் தள்ளுவது, கம்பியில் எம்பித் தொங்கி 'தொப்'பென்று குதிப்பது. மற்ற பாதிப் பேர் வீட்டில் லேசான பயிற்சி செய்தார்கள். எட்டு மாத முடிவில் தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது, மற்றவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் நடுவே நடந்த அசம்பாவிதம் ஒருவருக்கு லேசான முதுகுப் பிடிப்பு மட்டும்தான். 2018-இல் இது வெளிவந்தபோது, 'இந்த வயதில் எடையா' என்று பயமுறுத்திக்கொண்டிருந்த பலர் வாயடைத்துப் போனார்கள்.

தசைதான் சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும் இடம். தசை கூடினால் சர்க்கரைக்குப் போக்கிடம் கிடைக்கிறது, தடுமாறினால் சமாளிக்கக் காலில் வலுவும் இருக்கிறது. விழாதவளுக்கு மணிக்கட்டு எப்படி முறியும்?

'அந்தக் காலத்துப் பாட்டிகள் உலக்கை குத்தினார்கள், குடம் தூக்கினார்கள், இதெல்லாம் அவர்களுக்கு வரவில்லை' என்று உடனே ஒருவர் சொல்வார். வந்தது. கூன் விழுந்த பாட்டி நம் கதைகளில் எல்லாம் இருக்கிறாளே, அவள் முதுகு முதுமையால் தானாக வளையவில்லை. முள்ளெலும்புகள் ஒவ்வொன்றாக முன்பக்கம் நசுங்கி வளைந்தது. அதற்குப் பெயர்தான் முறிவு. நாம் அதை நோய் என்று எண்ணவில்லை, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. முதுகெலும்பில் ஏற்கெனவே மெலிவு உள்ளவர்கள், குனிந்து கால் விரலைத் தொடும் ஆசனங்களைத் தவிர்ப்பது நல்லது. பாதஹஸ்தாசனமும் பச்சிமோத்தானாசனமும் முள்ளெலும்பின் முன்விளிம்பை அழுத்துபவை. யோகா வகுப்பில் சொல்லிவிட்டே செய்யுங்கள். கண் விழித்திரையில் சர்க்கரையின் பாதிப்பு உள்ளவர்கள், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கனமான எடையைத் தொடக் கூடாது. மூச்சை அடக்கி முக்கும்போது அழுத்தம் எகிறும்.

எடை குறைப்பதிலும் இதே தேர்வு வருகிறது. பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் எலும்பும் சேர்ந்து இளைக்கும். 65 வயதைத் தாண்டிய, உடல் பருத்த 160 பேரை வைத்து 2017-இல் வந்த ஓர் ஆய்வில், எடையைக் குறைத்துக்கொண்டே நடை, சைக்கிள் போன்றவை மட்டும் செய்தவர்களுக்கு இடுப்பெலும்பு அடர்த்தி 3 சதவீதம் போயிற்று. பளுப் பயிற்சி சேர்த்தவர்களுக்கு 1 சதவீதம்தான். இப்போது வாரம் ஒரு ஊசி போட்டு இளைக்கும் மோகம் வந்திருக்கிறது. ஊசி போடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சைக்கு வந்தால், வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் "கேன்சர் வரும்" என்பார்கள். அந்தப் பயம் 2002-இல் பிறந்தது. 16,608 அமெரிக்கப் பெண்களை வைத்து நடந்த ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்ட வருடம் அது. எண்களைப் பார்த்தால், ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரு ஹார்மோன்களும் சேர்த்து எடுத்த 10,000 பெண்களில் வருடத்துக்கு மார்பகப் புற்றுநோய் 8 கூடுதல், பக்கவாதம் 8 கூடுதல், இடுப்பு முறிவு 5 குறைவு. புதிதாக நீரிழிவு வருவதும் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, இதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதையும் சொல்வதில்லை. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள், 60 வயதுக்குள் தொடங்குபவர்களுக்குத் தராசு வேறு மாதிரி சாய்கிறது. உடம்பெல்லாம் சூடாகி வியர்த்து, இரவெல்லாம் தூங்காமல் தவிப்பவளுக்கு, மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ பக்கவாதமோ வந்ததில்லை என்றால், அது யோசிக்க வேண்டிய வழி. அந்தத் தொந்தரவு எதுவும் இல்லாமல் எலும்புக்காக மட்டும் என்றால் நான் போக மாட்டேன், நிறுத்தியதும் எலும்பு மறுபடி கரையத் தொடங்கிவிடும்.

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் 35, 40 வயதில் எடுத்துவிட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் கதை தனி. பத்துப் பதினைந்து வருட ஈஸ்ட்ரோஜனை அவர்கள் ஒரே நாளில் இழந்தவர்கள். தடை ஏதும் இல்லையென்றால் இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரையாவது ஹார்மோன் எடுப்பதுதான் பொதுவான பரிந்துரை. இதை மருத்துவர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

எலும்புக்கென்றே உள்ள மருந்துகள்தான் முறிவைத் தடுப்பதில் மிக வலுவான ஆதாரம் உள்ளவை. வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை, வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், பிறகு அரை மணிநேரம் படுக்காமல், காபி குடிக்காமல். எங்கள் வீட்டில் அந்த அரை மணிநேரம் காபி இல்லாமல் நகராது. வருடம் ஒருமுறை சொட்டாக ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் என்றால் அந்தத் தொல்லை இல்லை, முதல் முறை ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். அதன் பெரிய ஆய்வில் மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதம், இடுப்பு முறிவு 41 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்காமல் ஏற்றக் கூடாது. வைட்டமின் டி குறைவை முதலில் சரி செய்ய வேண்டும், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கிவிட வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசி உண்டு. அது நல்ல மருந்து, ஆனால் பாதியில் விட்டால் பழிவாங்கும். ஊசியை நிறுத்தியதும் கரைப்பு ஆவேசமாகத் திரும்பி, ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் நசுங்கியவர்கள் உண்டு. வருடக்கணக்கில் தேதி தவறாமல் போட முடியாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, பலரும் பார்க்கத் தவறுவது, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் மருந்துப் பெட்டி. அக்காவின் சர்க்கரை மாத்திரையில் பயோகிளிட்டசோன் கலந்திருந்தது. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மூலச்செல் எலும்புச் செல்லாகவும் ஆகலாம், கொழுப்புச் செல்லாகவும் ஆகலாம். இந்த மருந்து அதைக் கொழுப்பின் பக்கம் தள்ளிவிடும். பெண்களுக்கு இந்த வகை மருந்துகளால் முறிவு கூடுவது 2006-லிருந்தே தெரிந்த விஷயம். விலை குறைவு, சர்க்கரையை நன்றாக இறக்கும் என்பதால் இங்கே நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். மற்ற சர்க்கரை மருந்துகளில் மெட்ஃபார்மினும் சிட்டாகிளிப்டின் வகையும் எலும்பைத் தொந்தரவு செய்வதில்லை. கிளிமிபிரைடும் இன்சுலினும் எலும்பை நேரடியாகத் தாக்காவிட்டாலும், சர்க்கரை திடீரென்று இறங்கித் தலைசுற்றி விழவைக்கும். தைராய்டு மாத்திரை அளவுக்கு மீறினாலும் எலும்பு கரையும்.

அக்காவுக்கு என்ன முடிவானது? சர்க்கரை மருத்துவரிடம் எலும்பு ரிப்போர்ட்டையும், எலும்பு மருத்துவரிடம் சர்க்கரைச் சீட்டையும் நான் கொண்டுபோய் வைத்தேன். பயோகிளிட்டசோன் மாற்றப்பட்டது. கிரியாட்டினின் சரியாக இருந்ததால் சோலெட்ரோனிக் அமிலம் ஏற்றினார்கள். ஒரு நாள் காய்ச்சலில் முனகினாள். கால்சியம் இப்போது மதியச் சாப்பாட்டோடு.

எனக்கு –1.9 என்றாலும் முறிவு இல்லை, நீரிழிவும் இன்னும் இல்லை. அதனால் மருந்து வேண்டாம், பளு, புரதம், குறையும் அளவுக்கு மட்டும் கால்சியம், இரண்டு வருடம் கழித்து மறு ஸ்கேன் என்று முடிவு. இரவு வியர்வை தானாகவே அடங்கிவிட்டதால் ஹார்மோன் பேச்சை எடுக்கவில்லை. எங்கள் தெருமுனை ஜிம்மில் செவ்வாயும் வெள்ளியும் போகிறேன். முதல் மாதம் வெறும் கம்பியே கனத்தது, இப்போது 30 கிலோவைத் தரையிலிருந்து எடுக்கிறேன். கட்டு பிரித்த பிறகு அக்காவும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வரத் தொடங்கினாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து. முதல் நாள் என்னைப் பார்த்து, "மூட்டை தூக்குறவனுக்கு நாமதான் கூலி கொடுப்போம், நீ தூக்குறதுக்கும் நீயே பணம் கட்டுறியே" என்றாள். இந்த மாதம் அவளும் மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டியிருக்கிறாள்.